'ஆரோக்ய சேது' எப்படி வேலை செய்தது? நாமக்கல் லாரியிலும் குமாரபாளையம் விசைத்தறியிலும் அது ஏன் திணறும்?

2020 ஏப்ரல் 2. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி ஒன்பதாவது நாள். அன்றுதான் 'ஆரோக்ய சேது' என்ற செல்போன் செயலியை மத்திய அரசு வெளியிட்டது. 13 நாட்களில் 5 கோடி பேர் அதைத் தரவிறக்கினார்கள். மே மாத நடுவில் அந்த எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் 16 கோடிக்கும் மேல்.

2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அரசு ஒரு பதில் அளித்தது. ஆரோக்ய சேதுவில் இருந்த 'தொடர்பு கண்டறியும்' வசதி நிறுத்தப்பட்டுவிட்டது, அதன் மூலம் சேகரித்த தகவல்களும் அழிக்கப்பட்டுவிட்டன என்பதே அந்தப் பதில்.

முடிந்துபோன கதையை இப்போது எதுக்குப் பேசணும் என்று தோன்றலாம். அடுத்த பெருந்தொற்று எப்போது வந்தாலும், தடுப்பூசிக்கு முன்பாகவே நம் கைக்கு வரப்போவது இன்னொரு ஆப்தான். அதை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்று முடிவு செய்ய, முதல் செயலிக்குள் என்ன நடந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அதிலும் லாரி, முட்டை, ரிக் வண்டி, விசைத்தறி என்று ஆட்கள் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் சுமார் 34.8 லட்சம் பேர், நாமக்கல்லில் சுமார் 17.3 லட்சம் பேர். இந்த 52 லட்சம் பேரில் யார் யாரோடு நின்றார்கள், யார் யாரோடு பயணம் செய்தார்கள் என்பதை ஒரு செயலியால் சொல்லிவிட முடியுமா?

'தொடர்பு கண்டறிதல்' என்றால் என்ன?

இது கொரோனாவோடு பிறந்த வேலை இல்லை. காசநோய், அம்மை, எய்ட்ஸ் என்று பல நோய்களுக்குச் சுகாதாரத் துறை பல ஆண்டுகளாகச் செய்துவருவதுதான். ஒருவருக்கு நோய் உறுதியானால், அவர் யார் யாரைச் சந்தித்தார் என்று கேட்டு, அவர்களைத் தேடிப் பிடித்து, பரிசோதித்து, தேவைப்பட்டால் தனிமைப்படுத்துவது. சங்கிலியின் அடுத்த கண்ணி உருவாகும் முன்பே அதை அறுப்பதுதான் நோக்கம்.

சேலம் இதை ஆரம்பத்திலேயே பார்த்தது. 2020 மார்ச் 25 அன்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர், தமிழகத்தில் புதிதாக ஐந்து பேருக்குத் தொற்று உறுதியானதாக அறிவித்தார். நான்கு பேர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள், ஒருவர் அவர்களுடன் வந்த சென்னை வழிகாட்டி. அவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்ச் 22 முதலே தனிமையில் வைக்கப்பட்டிருந்தார்கள். அப்போது ஆரோக்ய சேது என்ற பெயரே யாருக்கும் தெரியாது. கேட்டு விசாரித்து, வீடு வீடாகப் போய்த் தேடும் முறைதான் இருந்தது.

இந்த வேலையைச் செய்தவர்கள் சுகாதார ஆய்வாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், வருவாய்த் துறையினர், போலீஸ்காரர்கள். இவர்களிடம் இருந்தது நோட்டு, பேனா, போன். அந்த முறைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, ஞாபகம். நான்கு நாளைக்கு முன்னால் டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் யார் என்று யாருக்கு நினைவிருக்கும்? பஸ்ஸில் அருகில் உட்கார்ந்தவரின் பெயர் தெரியவே தெரியாது. இரண்டாவது, நேரம். அறிகுறி தெரிவதற்கு முன்பே கொரோனா பரவும் என்பதால், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் சங்கிலியை நீளமாக்கிவிடும்.

2020 மார்ச் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் சொன்னதும் இதுதான். ஆள் வைத்துத் தேடும் வேகத்தைவிட வைரஸின் வேகம் அதிகம், உடனுக்குடன் தகவல் சொல்லும் செயலி இருந்தால் அந்த இடைவெளியைக் குறைக்கலாம் என்றார்கள். உலகம் முழுக்க அரசுகள் செயலி பக்கம் திரும்பியதற்கு இந்த வாதம் ஒரு முக்கியக் காரணம்.

போன் எப்படி ஆளைக் கண்டுபிடிக்கும்?

ஹெட்செட்டை இணைக்கப் பயன்படுத்தும் அதே ப்ளூடூத்தான் அடிப்படை. செயலி இருக்கும் போன், தன்னைச் சுற்றி சில மீட்டர் தூரத்துக்கு "நான் இங்கே இருக்கேன்" என்று ஓர் அடையாள எண்ணை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் அதே செயலி உள்ள இன்னொரு போன் வந்தால், இரண்டும் ஒன்றின் எண்ணை மற்றொன்று குறித்துக்கொள்ளும். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தது என்பதும் பதிவாகும். சிக்னல் பலமாக இருந்தால் ஆள் அருகில் இருந்தார், பலவீனமாக இருந்தால் தள்ளி இருந்தார் என்பது கணக்கு.

ஆரோக்ய சேதுவை உருவாக்கியது மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய தகவலியல் மையம். தனியார் துறையினரும் கல்வியாளர்களும் இதில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி அவர்களில் ஒருவர். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் செயலி கிடைத்தது.

செல்போன் எண்ணைக் கொடுத்து, ஓடிபி மூலம் பதிவு செய்ய வேண்டும். பெயர், வயது, பாலினம், தொழில், சமீபத்திய வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றைக் கேட்கும். பிறகு சர்வர் ஓர் அடையாள எண் தரும். இரண்டு போன்கள் சந்திக்கும்போது பரிமாறப்படுவது இந்த எண்தான். இதோடு நிற்காமல், ஜிபிஎஸ் மூலம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை போன் இருக்கும் இடத்தையும் செயலி குறித்துவைத்தது.

இந்தப் பதிவுகள் முதலில் போனிலேயே இருக்கும், 30 நாட்களில் அழிந்துவிடும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால் ஐசிஎம்ஆரின் பரிசோதனைப் பட்டியலிலிருந்து அந்தத் தகவல் சர்வருக்கு வரும். அவருடைய போனில் உள்ள பதிவுகள் சர்வருக்கு ஏற்றப்படும். அவரைச் சந்தித்தவர்களுக்கு எச்சரிக்கை போகும், பச்சையாக இருந்த திரை நிறம் மாறும். அப்படி ஏறிய தகவல், நோய் இல்லாதவர் என்றால் 45 நாட்களிலும், நோய் வந்தவர் என்றால் குணமாகி 60 நாட்களிலும் அழிக்கப்படும் என்பது விதி.

ரிஜிஸ்டர் யார் கையில்?

உலகம் முழுக்க நடந்த பெரிய சண்டை இந்தக் கேள்வியில்தான். ஆரோக்ய சேது முறையில் கணக்குப் பார்ப்பது அரசின் சர்வர். யார் யாரைச் சந்தித்தார் என்பது, தேவைப்படும்போது, அரசுக்குத் தெரியும்.

ஆப்பிளும் கூகுளும் 2020 ஏப்ரல் 10 அன்று சேர்ந்து அறிவித்த முறை வேறு. அதைப் புரிந்துகொள்ள, முன்பு பத்தாம் வகுப்பு ரிசல்ட் பேப்பரில் வந்ததை நினைத்துப் பார்த்தால் போதும். பேப்பர்காரர் எல்லா நம்பரையும் அச்சடித்துவிடுவார். உங்கள் நம்பர் இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். நீங்கள் பார்த்தது பேப்பர்காரருக்குத் தெரியாது. அதேபோல, தொற்று உறுதியானவர்களின் ரகசிய எண்கள் மட்டும் வெளியிடப்படும். ஒவ்வொரு போனும் அந்தப் பட்டியலை இறக்கி, "இதில் ஏதாவது எண்ணை நான் சந்தித்தேனா?" என்று தானே சரிபார்த்துக்கொள்ளும். எண்களும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். ஜிபிஎஸ் பயன்படுத்தவே அனுமதி கிடையாது.

இரண்டிலும் லாபம், நஷ்டம் உண்டு. முதல் முறையில் எந்தப் பகுதியில் தொற்று கூடுகிறது என்று அரசு முன்கூட்டியே ஊகிக்கலாம், தொடர்பில் வந்தவருக்குப் போன் செய்து பேசலாம். ஆனால் கோடிக்கணக்கானவர்களின் நடமாட்ட விவரம் ஓரிடத்தில் குவிய வாய்ப்பு உண்டு. இரண்டாவது முறையில் ரகசியம் காக்கப்படும். ஆனால் எச்சரிக்கை வந்தவர் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது.

ரெண்டு பேர் போன்லயும் இருக்கணும்!

தரவிறக்க எண்ணிக்கையில் வெளியே தெரியாத ஒரு விஷயம் இது. ஒரு சந்திப்பு பதிவாக வேண்டுமானால் இரண்டு பேரிடமும் செயலி இருக்க வேண்டும், இரண்டிலும் ப்ளூடூத் ஆனில் இருக்க வேண்டும்.

100 பேரில் 60 பேர் செயலி வைத்திருந்தால், சந்திப்புகளில் 60 சதவீதம் பதிவாகும் என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. முதல் ஆளிடம் இருக்க வாய்ப்பு 60 சதவீதம், இரண்டாவது ஆளிடமும் இருக்க வாய்ப்பு 60 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் வருவது 36 சதவீதம்தான். 40 பேர் வைத்திருந்தால் 16 சதவீதம். 20 பேர் என்றால் வெறும் 4 சதவீதம். அதாவது 100 சந்திப்பில் 96 நழுவிவிடும்.

இதை நாமக்கல் சாலையில் வைத்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, முட்டை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் ஒரு லாரி டிரைவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது, செயலியும் இருக்கிறது. பண்ணையில் லோடு ஏற்றுபவர் போனை ரூமில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். கிளீனரிடம் இருப்பது பட்டன் போன். சங்ககிரி பக்கம் டீ குடித்த கடையில், கடைக்காரர் சார்ஜ் போட்டு போனை உள்ளே வைத்திருக்கிறார். பாலக்காட்டில் இறக்குமதி செய்யும் தொழிலாளியின் போனில் செயலியே இல்லை. டிரைவருக்குத் தொற்று உறுதியானால், அவர் போனில் பதிவான சந்திப்பு ஒன்றுகூட இருக்காது. ஆனால் ஒரு சுகாதார ஆய்வாளர் கால் மணி நேரம் பேசினால், இந்த நாலு பேரையும் டிரைவரே சொல்லிவிடுவார்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களை அரசு மறக்கவில்லை. 2020 மே மாதத்தில் 1921 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டு உடல்நலம் விசாரிக்கும் சேவை வந்தது. ஜியோபோனுக்குத் தனிச் செயலியும் வந்தது. ஆனால் மிஸ்டு கால் சேவையில் அறிகுறியைக் கேட்க முடியுமே தவிர, பக்கத்தில் நின்றது யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரோக்ய சேது பயனாளர்களில் சுமார் 98 சதவீதம் பேர் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தவர்கள். விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு போன்கள், பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடும். திரையில் பச்சை நிறம் இருக்கும், உள்ளே வேலை நடக்காது.

பஸ்ஸுக்குள் ப்ளூடூத் குழம்பும்

செயலி அளப்பது இரண்டு போன்களுக்கு இடையிலான தூரத்தை, ஆட்களுக்கு இடையிலான தூரத்தை அல்ல. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்பவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, போனையும் அதிலேயே விட்டுவிட்டுத் தறிக்குப் போனால், செயலியைப் பொறுத்தவரை அவர் நாள் முழுக்க அந்த ஆணியில்தான் இருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள அடுத்த கூடத்தின் போனோடு கைகோத்து, நடக்காத சந்திப்பையும் பதிவு செய்யலாம். வைரஸ் சுவரைத் தாண்டாது, ப்ளூடூத் தாண்டும்.

அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு டிராம் வண்டிக்குள் போன்களை வைத்துச் சோதித்தார்கள். உலோகத்தாலான வண்டிக்குள் சிக்னல் எதிரொலித்து, அருகில் இருப்பவரையும் தூரத்தில் இருப்பவரையும் பிரித்தறிய முடியாமல் போனது. கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிட முடிவு மேலாக இல்லை என்றார்கள்.

இது ஏன் முக்கியம்? தமிழகம், ஆந்திரா ஆகிய இரு மாநிலங்களின் தரவுகளை வைத்து ரமணன் லட்சுமிநாராயண் குழுவினர் செய்த ஆய்வு 2020 செப்டம்பர் 30 அன்று 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஒரே வாகனத்தில், ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ, மிக அருகில் பயணம் செய்தவர்களில் சுமார் 79 சதவீதம் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. இந்தப் பிரிவில் கணக்கில் வந்தவர்கள் குறைவுதான் என்றாலும், நீண்ட நேரப் பயணம் எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டியது.

அந்த ஆண்டு ஜூன் 1 முதல் தமிழகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு பஸ் ஓடத் தொடங்கியபோது, கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் ஆகிய ஏழு மாவட்டங்கள் ஒரே மண்டலம். அதற்குள் போய்வர இ-பாஸ் தேவையில்லை. ஆக, தொற்று எளிதாகப் பரவும் இடம் பஸ்ஸும் லாரி கேபினும். செயலியின் கணக்கு அதிகம் தப்பும் இடமும் அதே பஸ்ஸும் லாரி கேபினும்தான்.

அப்போ செயலியால் பலனே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2020 மே 26 அன்று மத்திய அரசு ஒரு கணக்கு வெளியிட்டது. ஆரோக்ய சேது மூலம் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் சுமார் 24 சதவீதம் பேருக்குத் தொற்று உறுதியானது. அப்போது நாடு முழுக்க நடந்த பரிசோதனைகளில் உறுதியானது 4.65 சதவீதம். பரிசோதனைக் கருவிகளுக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்தில், யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இது உதவியது என்பது அரசின் வாதம். அதே நேரம், இந்தப் பட்டியலில் ப்ளூடூத் தொடர்பில் வந்தவர்களோடு, தங்களுக்கு அறிகுறி இருப்பதாகச் செயலியில் தாங்களே பதிவு செய்தவர்களும் சேர்ந்திருந்தார்கள். எனவே அந்த 24 சதவீதத்தில் ப்ளூடூத்தின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாகப் பிரிக்க முடியாது.

தெளிவான ஆய்வு இங்கிலாந்திலிருந்து வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 செப்டம்பர் 24 அன்று வெளியான செயலியை சுமார் 1.65 கோடி பேர், அதாவது மக்கள்தொகையில் 28 சதவீதம் பேர் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் சுமார் 3 லட்சம் முதல் 6 லட்சம் தொற்றுகளைச் செயலி தடுத்திருக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 28 சதவீதம் பேர் வைத்திருந்தாலே பலன் உண்டு என்பது இதன் பொருள்.

ஆனால் அங்கே செயலிக்குப் பின்னால் வேறு சிலவும் இருந்தன. பரிசோதனை முடிவு சீக்கிரம் கிடைத்தது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கச் சொல்லப்பட்ட குறைந்த வருமானக்காரர்களுக்கு 500 பவுண்டு உதவித்தொகை தரும் திட்டம் இருந்தது. தமிழகத்தில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2020-ல் தரப்பட்ட 1,000 ரூபாய் பொதுவான ஊரடங்கு நிவாரணம். "நீங்க தொடர்பில் வந்திருக்கீங்க, 14 நாள் வீட்டுல இருங்க" என்று ஒருவரிடம் சொன்னதற்கான ஈடு அல்ல. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் தினக்கூலிக்கு வேலை செய்பவர் அந்த எச்சரிக்கையைப் பார்த்தால், "14 நாள் சோத்துக்கு யார் பதில் சொல்றது?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அவர் ப்ளூடூத்தை அணைத்துவிடுவார்.

ஆட்கள் செய்த வேலையின் அளவு

மேலே சொன்ன தமிழகம், ஆந்திரா ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. 84,965 நோயாளிகளுடன் தொடர்பில் இருந்த 5,75,071 பேரின் விவரங்களை ஆய்வாளர்கள் அலசினார்கள். அன்றைய நிலையில் உலகிலேயே மிகப் பெரிய தொடர்பு கண்டறிதல் ஆய்வு அது. அந்தப் பட்டியலைத் திரட்டியவர்கள் இரு மாநிலங்களின் களப்பணியாளர்கள்.

அந்த நோட்டுகளிலிருந்து உலகத்துக்கு ஒரு செய்தி கிடைத்தது. தொற்று வந்தவர்களில் சுமார் பத்தில் ஏழு பேரிடமிருந்து, கண்டறியப்பட்ட தொடர்பாளர் ஒருவருக்குக்கூடப் பரவவில்லை. சிறு எண்ணிக்கையிலானவர்களே பெரும்பகுதி தொற்றுக்குக் காரணமாக இருந்தார்கள். அந்தச் சிலர் கூடிய இடம் எது என்று பின்னோக்கித் தேடுவது எவ்வளவு முக்கியம் என்பதை இது உணர்த்தியது. சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து 2020 மே மாதத்தில் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று தொற்று பரவியதைக் கண்டறிய, "எந்த ஊர், எந்தக் கடை, எந்த லாரி?" என்று கேட்க வேண்டியிருந்தது.

ஆள் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2021 மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. அதற்கு முந்தைய நாள்தான் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 படுக்கைகளுடன் ஆக்சிஜன் வசதி கொண்ட சிகிச்சை மையத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். அந்த அளவுக்குத் தொற்று போன பிறகு ஆளாலும் தேட முடியாது, ஆப்பாலும் தேட முடியாது. தேடல் பயன்படுவது தொற்று குறைவாக இருக்கும் ஆரம்ப நாட்களில்தான்.

கட்டாயமா, விருப்பமா?

ஆரோக்ய சேது விருப்பத்தின் பேரில்தான் அறிமுகமானது. ஆனால் 2020 மே 1 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட உத்தரவு, அரசு, தனியார் ஊழியர்கள் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நொய்டாவில் செயலி இல்லாமல் வெளியே வந்தால் வழக்குப் பாயும் என்று போலீஸ் அறிவித்தது. இப்படிக் கட்டாயப்படுத்தச் சட்ட அடிப்படை இல்லை என்று உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா கடுமையாக விமர்சித்தார். மே 17 அன்று வந்த அடுத்த உத்தரவில், முடிந்தவரை ஊழியர்களை வைத்திருக்கச் செய்ய வேண்டும் என்று சுருதி குறைந்தது.

இடையில் மே 11 அன்று தகவல்களை யாரோடு பகிரலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று விதிமுறை வெளியானது. 180 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது அது. மே 26 அன்று ஆண்ட்ராய்டு செயலியின் மூல நிரல் பொதுவெளிக்கு வந்தது. அக்டோபர் 27 அன்று, செயலியை யார் உருவாக்கியது என்ற கேள்விக்கு மழுப்பலாகப் பதில் தந்ததாக மத்திய தகவல் ஆணையம் தேசிய தகவலியல் மையத்திடம் விளக்கம் கேட்டது. 2021 ஜனவரியில், பயனாளரின் ஒப்புதல் இல்லாமல் தகவலைப் பகிரக் கூடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

முதலில் செயலி வந்தது, பிறகு கட்டாயம் வந்தது, அதன் பிறகுதான் விதி வந்தது. வரிசை தலைகீழாக இருந்தது என்பதே தனியுரிமை ஆர்வலர்களின் குறை.

சிங்கப்பூர் சொல்லும் பாடம்

2020 மார்ச் 20 அன்றே 'ட்ரேஸ்டுகெதர்' செயலியை வெளியிட்டு, உலகத்துக்கு முன்மாதிரியாக இருந்தது சிங்கப்பூர். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் சிறு ப்ளூடூத் கருவியையும் கொடுத்தது. தமிழகத் தொழிலாளர்கள் பலரும் தங்கியிருந்த விடுதிகளில் செயலி கட்டாயமானது.

தொற்றைத் தேட மட்டுமே தகவல் பயன்படும் என்று சொல்லப்பட்டிருந்தது. ஆனால் 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்கும் போலீஸ் அதைக் கேட்டுப் பெறலாம் என்றும், ஒரு கொலை வழக்கில் பெற முயன்றதாகவும் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மக்கள் கொந்தளித்தார்கள். அடுத்த மாதமே ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு தேவைக்காகச் சேர்த்த தகவல் இன்னொரு தேவைக்குப் போக எவ்வளவு எளிது என்பதற்கு இது உதாரணம்.

இந்தச் செயலியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜேசன் பே 2020 ஏப்ரலிலேயே ஒன்றைத் தெளிவாக எழுதினார். ஆட்கள் செய்யும் தொடர்பு கண்டறிதலுக்கு மாற்றாக எந்த ப்ளூடூத் செயலியும் இன்னும் தயாராகவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம்.

அடுத்த முறை நாமக்கல்லில் என்ன தேவைப்படும்?

கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே நாமக்கல் கோழிப் பண்ணைகளில் கிருமிநாசினி தெளிப்பதும், வண்டி டயரைக் கழுவி உள்ளே விடுவதும் தொடங்கிவிடும். எச்5என்1 வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது இப்போதைக்கு மிக அரிது. பறவையிலிருந்து மனிதருக்கு வருவதுதான் கவலை. அப்படி ஒரு நிலை வந்தால் தேட வேண்டியது யாரை? பண்ணைக்குள் போய்வந்த வேலையாட்கள், தீவன வண்டி டிரைவர், முட்டை லோடு ஏற்றியவர், தடுப்பூசி போட வந்தவர். இதற்கு ப்ளூடூத்தைவிட, பண்ணை வாசலில் பெயர், போன் நம்பர், தேதியோடு ஒழுங்காக எழுதப்படும் ஒரு நோட்டு அதிகம் உதவும். நோய் எப்படிப் பரவுகிறது என்பதைப் பார்த்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சட்டமும் மாறியிருக்கிறது. ஆரோக்ய சேது வந்தபோது நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த தீர்ப்பு மட்டுமே இருந்தது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதன் 7-வது பிரிவு, கொள்ளைநோய்க் காலத்தில் சிகிச்சை, சுகாதாரச் சேவை அளிப்பதற்காக, ஒப்புதல் கேட்காமலே தகவலைக் கையாள இடம் தருகிறது. அதாவது அடுத்த செயலி வரும்போது "சம்மதம்" என்ற பட்டனை அழுத்தச் சொல்வார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எனவே அன்று நம் போனில் ஒரு புதிய ஆப் வந்து நின்றால், கேட்க வேண்டிய கேள்விகள் சில:

- பதிவுகள் என் போனில் இருக்குமா, அரசு சர்வரில் இருக்குமா?
- எந்தத் தேதியில் அழிப்பார்கள்? அது சட்டத்தில் இருக்கிறதா, வெறும் அறிவிப்பில் இருக்கிறதா?
- சுகாதாரத் துறையைத் தவிர வேறு யார் கேட்டுப் பெற முடியும்?
- இது இல்லாவிட்டால் வேலை, பயணம், ரேஷன் எதுவும் மறுக்கப்படுமா?
- எச்சரிக்கை வந்தால் பரிசோதனை எங்கே, எத்தனை மணி நேரத்தில் முடிவு?
- வீட்டில் இருக்கச் சொன்னால், அந்த நாட்களின் கூலிக்கு என்ன வழி?

முதல் நான்கு கேள்விகள் நம்பிக்கை பற்றியவை. கடைசி இரண்டும் செயலிக்கு வெளியே இருப்பவை. அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது மென்பொருள் எழுதுபவர்கள் அல்ல, ஆரம்ப சுகாதார நிலையமும் மாவட்ட நிர்வாகமும் மாநில பட்ஜெட்டும். அந்தப் பதில்கள் தயாராக இருந்தால், 28 சதவீதம் பேர் வைத்திருக்கும் செயலிகூட உயிர்களைக் காப்பாற்றும். இல்லாவிட்டால், எத்தனை கோடிப் பேர் தரவிறக்கினாலும் அது போனில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு ஆப், அவ்வளவுதான்.